பங்குனி விருந்தாளி

சுனைமேட்டுத் தேரியில் என்னதான் இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். வெறும் சிவப்பு மணல்தானே என்பார்கள். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கே வேலைக்கு வந்த புதிதில் அப்படித்தான் தோன்றியது. இப்போது கேட்டால் நான் வாயை மூட மாட்டேன், நீங்கள்தான் எழுந்து ஓட வேண்டும். குடை விரித்தது போல நிற்கும் உடைமரம் இருக்கிறது. மணலைப் பிடித்து நிறுத்தும் அடப்பங்கொடி இருக்கிறது. முதுகில் நட்சத்திரம் சுமக்கும் ஆமை, மணலுக்குள் நீந்திப் போகும் அரணை, குழி வெட்டிவிட்டு எறும்புக்காகக் காத்துக் கிடக்கும் குழிநரி, எருக்கஞ்செடியில் உட்கார்ந்து தட்டான் பிடிக்கும் பஞ்சுருட்டான் குருவி, கடித்தால் கதை முடிந்துவிடக்கூடிய சுருட்டை விரியன். எல்லாவற்றுக்கும் மேலே விசிறி ஓணான்.

ஒரு சாண்கூட இருக்காது அது. பங்குனி பிறந்ததும் ஆண் ஓணான் ஏதாவது ஒரு மேட்டில் ஏறி நின்று, தொண்டையை விசிறி மாதிரி விரித்து விரித்து மூடும். விசிறியின் நடுவே நீலக் கீற்று ஒன்று இருக்கும். மணல் சுட்டால் பின்னங்கால் இரண்டில் எழுந்து நின்று, பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி தலைதெறிக்க ஓடும். இதையெல்லாம் நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். ஏனென்றால் தேரிக்குள் மனிதக் கால் படக்கூடாது என்பது சட்டம்.

காப்பகமாக அறிவித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. தேரிக்குள் இருந்த சுனைமேட்டு ஊரைக் காலி செய்து, ஆட்களை நெடுஞ்சாலை ஓரம் ஒரு காலனியில் குடிவைத்தார்கள். காலனி கட்டி முடியும் முன்பே, காவலுக்கு ஆளும் வேண்டாம், கேமராவும் வேண்டாம் என்று தேரியில் செவிமணலைத் தூவினார்கள். பார்த்தால் அதுவும் மணல்தான். அதே சிவப்பு, அதே பருமன். ஆனால் ஒவ்வொரு மணல்மணியும் காது. வெயிலின் சூட்டில் உயிர் பிடித்து, பக்கத்தில் எது நடந்தாலும் ஊர்ந்தாலும் கேட்டு, அடுத்த மணிக்குச் சொல்லும். அப்படியே காதோடு காதாக எல்லாச் சேதியும், வனத்துறையில் அதைக் கவனிக்கும் என் அறைக்கு வந்து சேரும். எந்த உயிர், எங்கே, எத்தனை என்று திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். மனிதன் கால் வைத்தால் மட்டும் ஊரையே எழுப்புகிற மாதிரி மணி அடிக்கும். பழுது பார்க்க நான் உள்ளே போகும்போதெல்லாம் அது அடித்துத் தீர்க்கும். அந்தச் சத்தத்தோடுதான் வேலை செய்தாக வேண்டும், அதைக் கேட்டு ஓணானெல்லாம் ஓடி ஒளிந்துகொள்ளும்.

அந்தப் பங்குனியில் எனக்குத் தூக்கமே இல்லை. காப்பகம் அமைத்தபோதே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். விசிறி ஓணானுக்காகத்தான் இந்தக் காடு. தொடர்ந்து மூன்று பங்குனிக்கு அதன் சத்தம் கேட்காவிட்டால் காப்பகம் கலைக்கப்படும். இரண்டு பங்குனி சத்தமில்லாமல் போயிருந்தது. தேரி மணலில் கனிமம் இருக்கிறது என்று மண்வெட்டும் இயந்திரங்களோடு காத்திருக்கிறவர்கள் உண்டு. மூன்றாவது பங்குனியின் கடைசி வாய்ப்பாக, உத்திரத்தன்று மத்தியக் குழு நேரில் வருவதாக இருந்தது.

திரையில் எனக்கு இன்னொரு ஏக்கமும் உண்டு. பெயர் தெரியாத ஒரு உயிர். இரண்டு கால், நல்ல கனம், கூட்டமாக வரும். வருஷத்தில் ஒரே ஒரு நாள், பங்குனியில்தான் வரும். விளிம்பிலிருந்து வரிசையாகத் தேரியின் நடுவரை போய்விட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும். மணி அடிக்காததால் மனிதர் இல்லை என்பது உறுதி. கானமயிலாக இருக்குமோ என்று எனக்குள் ஒரு பேராசை. இந்தப் பக்கத்தில் எப்போதோ அழிந்துபோனதாகச் சொல்லப்படும் பறவை என் தேரிக்கு வந்து போகிறது என்று நினைத்தாலே புல்லரிக்கும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று ‘பங்குனி விருந்தாளி’ என்று மட்டும் பெயர் வைத்திருந்தேன். அதுவும் அப்போது இரண்டு வருஷமாக வரவில்லை.

உத்திரத்துக்கு நான்கைந்து நாள் இருக்கும். காலையில் திரையைத் திறந்தால் நீலப் புள்ளிகள். ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு கூட்டமே துள்ளிக்கொண்டிருந்தது. விசிறி ஓணான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஆடியே விட்டேன். சத்தம் கேட்டு ரேஞ்சர் சென்னியப்பன் ஓடி வந்தார். ஈரோட்டுக்காரர். சட்டம் என்றால் உயிர், அதற்கு அடுத்தபடி டீ. அவரும் திரையைப் பார்த்துவிட்டு டீ கிளாஸை மேலே தூக்கிச் சிரித்தார். பிறகு வரைபடத்தைப் பார்த்தோம். இரண்டு பேர் முகமும் தொங்கிப் போயிற்று.

ஓணான்கள் தேரியில் இல்லை. நெடுஞ்சாலை ஓரம், சுனைமேட்டு ஆட்கள் குடியிருக்கும் காலனிக்குள் இருந்தன. காற்றில் ரோட்டுப் பக்கம் பறந்து போகும் செவிமணலின் பேச்சைப் பிடிக்க, முந்தின வாரம்தான் அங்கே ஒரு கம்பம் நட்டிருந்தேன். ரோட்டில் ஆளும் வண்டியும் ஓயாதென்று, கனமான நடை எதையும் கணக்கில் எடுக்காதபடி வைத்திருந்தேன். அது பிடித்துக் கொடுத்த சேதி இது.

காலனிக்கு நான் தனியாகத்தான் போனேன். வரிசை வீடுகளுக்கு நடுவே இருந்த பொட்டலில் சிவப்பு மணல் கொட்டிப் பரப்பியிருந்தது. மணலின் நடுவில் சின்னதாக ஒரு சாஸ்தா கோயில், சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று. பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கோயில் கட்டியது போக மிஞ்சிய செங்கல் ஒவ்வொன்றிலும் ஒரு ஓணான் ஏறி நின்று, ஊர்ப் பிரசிடெண்ட் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, நீல விசிறியை விரித்து மூடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் இரண்டு காலில் எழுந்து ஓடி அடுத்த செங்கல்லில் ஏறிக்கொண்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

என்னைக் கண்டு ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சுயம்புக்கனி. காலனிச் சங்கத் தலைவி, சொந்தமாக டிப்பர் லாரி வைத்து ஓட்டுகிறவள். வனத்துறை உடுப்பைப் பார்த்தும் பயப்படவில்லை. கருப்பட்டி கரைத்த பானக்காரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

“பிடிமண்ணும்மா” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. நான் மாதா கோயில்காரி. அவள் பொறுமையாகச் சொன்னாள். குலசாமியை விட்டு வேறு ஊருக்குக் குடிபோனால், பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து புது இடத்தில் வைத்துக் கும்பிடுவது வழக்கம். தேரிக்குள் இருக்கும் தங்கள் சாஸ்தாவிடமிருந்து அப்படி மண் எடுக்க, மூன்று வருஷத்துக்கு முன்பு ஊர் கூடி முடிவு செய்தார்களாம். யார் கையால் பிடி மண் எடுப்பது என்பதில் சண்டை வந்துவிட்டது. பெரிய வீட்டுக்காரர் எடுத்தால் சின்ன வீட்டுக்காரருக்கு மனத்தாங்கல், அண்ணன் எடுத்தால் தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கடைசியில் ஆளுக்கொரு பிடி என்று பேசி, அது ஆளுக்கொரு ஓலைப்பெட்டி என்று ஆகி, எல்லோரும் தலையில் சுமந்து வந்து விளிம்பில் நின்ற இவளுடைய டிப்பரில் கொட்டினால், டிப்பரே நிறைந்துவிட்டதாம். ஒரு பிடி மண்ணுக்கு ஒரு லோடு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த லோடோடு செவிமணலும் வந்திருக்கிறது, ஓணானோ அதன் முட்டையோ அதுவும் வந்திருக்கிறது.

“மணி அடிக்கலையா?” என்று கேட்டேன்.

“எங்க சாஸ்தா எங்களக் காட்டிக்குடுப்பாவளா?” என்றாள்.

அதற்கு மேல் வாயைப் பிடுங்கியும் ஒன்றும் பெயரவில்லை. அன்றைக்கு மணி பழுதாகியிருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அறைக்குத் திரும்பியபோது சென்னியப்பன் சட்டப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். காப்பக மணலை எடுத்தது ஒரு குற்றம், காப்பு உயிரை வைத்திருப்பது இன்னொரு குற்றம். ஊரே ஜெயிலுக்குப் போக வேண்டும் என்றார். அது போதாதென்று இன்னொன்றும் இருந்தது. தேரி மணல் அந்தக் காலத்தில் ஆடிக் காற்றுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. அதனால் எல்லைக்கல் நட முடியாமல், செவிமணல் எங்கே காப்பு உயிரைக் கேட்கிறதோ அது வரைக்கும் காப்பகம் என்றே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அப்படிப் பார்த்தால் இப்போது அந்தக் காலனியே காப்பகம்.

“ஓணான் இருக்குதுன்னு எழுதுனா காடு பொழைக்குமுங்க அம்மிணி” என்றார். “ஆனா அந்தச் சனத்த மறுக்காக் காலி பண்ணோணுமுங்க.”

அன்று முழுவதும் திரையின் முன்னால் உட்கார்ந்து பழைய பதிவுகளைப் புரட்டினேன். தேரியில் கடைசியாக ஓணான் எங்கெங்கே இருந்தது என்று போட்டுப் பார்த்தேன். விளிம்பிலிருந்து நடுவரை ஒரே கோடாக வந்தது. மற்ற இடமெல்லாம் எப்போதோ காலியாகிவிட்டது. அந்தக் கோடு எங்கேயோ பார்த்த கோடாக இருக்கிறதே என்று யோசித்தேன். பங்குனி விருந்தாளி நடந்துபோகும் தடம் அது. விருந்தாளி வருவது நின்ற வருஷம்தான் ஓணானும் நின்றிருக்கிறது.

மறுநாள் பூட்ஸை மாட்டிக்கொண்டு, மணி அலற அலற உள்ளே போய்ப் பார்த்தேன். கால் படாத தேரி இறுகிப் போயிருந்தது. மேல் மண் ஓடு கட்டி, அதன் மேல் புல் பாய் விரித்து, சீமைக்கருவேலம் வேறு கன்று விட்டிருந்தது. ஒரு விரல் நீள ஓணான் முட்டைக்கு எங்கே குழி பறிக்கும்? வருஷத்துக்கு ஒரு முறையாவது கிளறிவிட்டுப் போக ஒரு உயிர் இருந்திருக்கிறது, அதுவும் போய்விட்டது. காலனிப் பொட்டலில் பிள்ளைகள் அந்த வேலையைச் செய்கிறார்கள். அந்த விருந்தாளியைக் கண்டுபிடித்து அழைத்து வந்தால் தேரி பிழைக்கும். ஆனால் அது எந்தத் தேசத்துப் பறவையோ என்று சென்னியப்பனிடம் புலம்பினேன்.

அன்று மாலை காலனிக்குப் போய்ச் சுயம்புக்கனியிடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். ஓணான் இங்கே இருப்பதை எழுதினால் காலனி போகும், எழுதாவிட்டால் தேரி போகும் என்றேன். எழுதப்போவதில்லை என்றும் சொன்னேன். பத்து வருஷம் காதால் மட்டுமே கேட்டு வளர்த்த காடு.

“ஒருக்கா வீட்டத் தூக்கிட்டு அலைஞ்சாச்சு. பிள்ளையள வச்சிக்கிட்டு இன்னொருக்கா முடியாதும்மா” என்றாள். செங்கல்லில் நின்ற ஓணானைப் பார்த்துக்கொண்டே, “அங்கன தோண்டிப் போட்டுட்டா சாஸ்தா எங்க போவாவ?” என்றும் கேட்டாள். கம்பத்தின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வந்தேன். காலனிப் புள்ளிகள் திரையில் அணைந்ததைச் சென்னியப்பன் பார்த்தார். தனக்கு இப்போதெல்லாம் கண் மங்கல் என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டார். சட்டத்தையே உயிராக வைத்திருந்த மனிதர்.

உத்திரத்தன்று குழு வந்தது. தலைவர் ஹசீனா பானு, பாலைவன உயிர்களைப் பற்றி நிறையப் படித்தவர், கறார் பேர்வழி என்று பெயர். விளிம்பில் பந்தல் போட்டு, திரையை அங்கேயே வைத்திருந்தோம். ஓணான் இல்லை. அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன், காலனி ஒன்றைத் தவிர. விருந்தாளியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் பேனாவை வைத்துவிட்டுக் கவனித்தார். அது என்ன உயிர் என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாத ஒன்றுக்காகக் காப்பகத்தை நீட்டிக்க முடியாது என்று வருத்தத்தோடுதான் சொன்னார்.

அப்போதுதான் டிப்பர் வந்து நின்றது. பின்னால் வேன், ஆட்டோ, பைக். காலனியே இறங்கியது. எல்லோர் தலையிலும் பனையோலைப் பெட்டி, பெட்டி நிறையச் சிவப்பு மணல். சுயம்புக்கனியின் பெட்டிக்குள்ளிருந்து ஒரு ஓணான் தலையை நீட்டி எங்களைப் பார்த்தது.

அவள் ஹசீனா பானுவிடம் நேரே வந்தாள். பிடிமண் எடுத்தது தாங்கள்தான் என்றாள். அதைத் திருப்பிக் கொட்டிவிட்டு வருகிறோம், அதற்குப் பிறகு ஜெயிலுக்குப் போகச் சொன்னாலும் போகிறோம், ஓணான் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். தடுக்க வேண்டிய சென்னியப்பன் தடுக்கவில்லை. செருப்பை விளிம்பில் கழற்றிப் போட்டுவிட்டு எல்லோரும் தேரிக்குள் இறங்கினார்கள். சாஸ்தா காட்டில் செருப்பு போடக்கூடாதாம்.

நான் காதைப் பொத்திக்கொண்டேன், மணி அடிக்கப் போகிறதே என்று. அடிக்கவில்லை. வெயிலில் மணல் கொதித்தது. அவர்கள் குதிகாலை ஊன்றாமல், விரல்களால் மணலைக் கிள்ளிக் கிள்ளி, பக்கவாட்டில் சாய்ந்து, வேகமாகப் போனார்கள். அந்த நடையில் மேல் ஓடு பொடிந்துகொண்டே வந்தது. ஒரு ஊரே போயும் மணி மூச்சுவிடவில்லை. பழுதாகிவிட்டதா என்று திரைக்கு ஓடினேன்.

திரையில், விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, வரிசையாகப் புள்ளிகள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு கால். நல்ல கனம். கூட்டம். என் கையாலேயே நான் வைத்த பெயர் மேலே எழுதியிருந்தது: பங்குனி விருந்தாளி.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஹசீனா பானு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். இது எப்படி என்று கேட்டார்.

“செவிமணலத் தூவினப்போ ஊர் இன்னும் காலியாகலை, மேடம்” என்றேன், சொல்லும்போதே எனக்கும் விளங்கிக்கொண்டு. “முதல் சில மாசம் வெறுங்காலோட யாரெல்லாம் இந்த மண்ணுல நடந்தாங்களோ, அந்த நடை உள்ளவங்க எல்லாம் இந்த மண்ணோட உயிர்னு அது படிச்சுக்கிச்சு. பூட்ஸ் போட்டு வந்த நாங்கதான் அதுக்கு ஆள்.”

மணலைக் கொட்டிவிட்டுச் சுயம்புக்கனி திரும்பி வந்ததும் குட்டு முழுக்க வெளிப்பட்டது. காலி செய்த பிறகும் ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் திருட்டுத்தனமாக வந்து பொங்கல் வைத்துப் போயிருக்கிறார்கள். பிடிமண்ணைக் காலனிக்குக் கொண்டுபோன பிறகுதான் வருவதை நிறுத்தினார்கள். எத்தனையோ வருஷமாக நான் கானமயில் என்று கனவு கண்டது இவர்களைத்தான். இயந்திரம் அவர்களைத் தேரியின் உயிரினமாகக் கணக்கு வைத்திருக்கிறது, அதனால் அவர்களுக்கும் காப்பு உண்டு, யாரும் கிளப்ப முடியாது என்று நான் குதித்துக்கொண்டே சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை.

“மனுசன்னா வெளிய போகச் சொல்லுதிய. மிருகம்னா உள்ள விடுதிய. நல்ல சட்டம்மா ஒங்களது” என்றாள்.

ஹசீனா பானு எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சட்டம் எழுதியவர்கள் கேட்காத ஒன்றை மணல் கேட்டிருக்கிறது, இனிமேல் அதன்படி எழுதுகிறேன் என்றார். மணலைத் திருடியதற்கு என்ன செய்வது என்று சென்னியப்பன் கடமைக்கு ஒரு கேள்வி கேட்டுவைத்தார். எறும்பு மண்ணைத் தூக்கிக்கொண்டு போனால் வழக்குப் போடுவீர்களா என்று ஹசீனா பானு திருப்பிக் கேட்டார். சென்னியப்பன் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்க்காமலே மூடி வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நீளும். நடுத்தேரியில் பொங்கல் பொங்கியது, குழுவுக்கும் இலை போட்டார்கள். கொட்டிய மணலிலிருந்து ஓணான்கள் வெளியே வந்து, ஆளுக்கொரு எருக்கங்குச்சியைப் பிடித்துக்கொண்டு விசிறியை விரித்தன. காப்பகம் கலையவில்லை. காலனிப் பொட்டலும் இப்போது காப்பகம்தான். அங்கே குடியிருக்கிறவர்களை யாரும் தொட முடியாது. பங்குனி உத்திரத்துக்கு மட்டுமல்ல, அதற்கு இடையிலும் தேரிக்குள் காலாற நடந்துவிட்டு வரும்படி வனத்துறையே அவர்களைக் கெஞ்சுகிறது. சுயம்புக்கனி, டிப்பர் ஓட்டம் இல்லாத நாளாகப் பார்த்து வருகிறேன் என்று பிகு பண்ணுகிறாள்.

அன்று பொங்கல் சாப்பிட என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, சுயம்புக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு, நானும் தெரிந்த மட்டில் குதிகால் ஊன்றாமல்தான் இறங்கினேன். முதல் அடியிலேயே மணி ஊரை எழுப்பியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்தப் பங்குனிக்கும் போனேன், இந்தப் பங்குனிக்கும் அடித்தது.

தேரிக்குள் மனிதர் யாரும் நுழையவில்லை என்று வருஷா வருஷம் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். மணலைக் கேட்டால் அதன் நினைவில், இத்தனை வருஷத்தில் அடிக்கடி அத்துமீறி நுழைந்த ஆள் நான் ஒருத்திதான்.